மாதிரித் தட்டு

தட்டிலிருந்த நல்ல விரலி மஞ்சளையெல்லாம் அள்ளித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மஞ்சள் மண்டியில் எவரும் செய்யாத வேலை அது.

முப்பது மூட்டைக்கு ஒரு தட்டு. வியாபாரி வருவார். ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார். உள்ளே நிறம் பார்ப்பார். அந்த ஒன்றை நம்பித்தான் மீதி முழுவதற்கும் விலை.

அதற்குப் பெயர் மாதிரி.

போன வருஷம் அவள் கணவன் தட்டில் நல்லதை மட்டும் வைத்தான். வியாபாரி நாச்சிமுத்து நம்பி எடுத்தார். அவிழ்த்துப் பார்த்தால் நாலு மூட்டை பூச்சி அரித்தது.

நாலே நாலுதான். ஆனால் அந்த நாலை வைத்து மண்டியே அவனை எடை போட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் தட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. பார்ப்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். இன்று அவன் உள்ளேயே வரவில்லை. பாவி மனுஷன், அவளைத் தனியாக அனுப்பிவிட்டு வெளியே டெம்போவில் உட்கார்ந்திருக்கிறான்.

அவள் மூட்டைகளைத் துழாவினாள். வேக்காடு பத்தாதது, சுருங்கியது, நுனி கறுத்தது. தேடித் தேடி எடுத்துத் தட்டில் பரப்பினாள்.

கடந்து போன நாச்சிமுத்து நின்றார்.

“என்னம்மிணி, இதையா மாதிரின்னு வெச்சிருக்கீங்க?”

“இருக்கறதுலயே மட்டம் இதானுங்கண்ணா. இதுக்குக் கீழ ஒண்ணு மூட்டையில இருந்தா, அத்தனையும் சும்மாவே எடுத்துட்டுப் போங்க.”

அவர் குத்தூசியை எடுத்தார். முன்னால் இருந்த மூட்டையை விட்டுவிட்டு, அடியில் கிடந்ததில் குத்தினார்.

ஒரு விரலி வந்து விழுந்தது.

பதினோரு நாள் களத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியவள் அவள்தான். இருந்தாலும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒடித்தார்.

வெகுநேரம் பார்த்தார். சீட்டில் விலையை எழுதி மடித்தார்.

“ஊட்டுக்காரரு எங்கீங்க?”

“வெளிய, டெம்போவுலீங்க.”

“வரச் சொல்லுங்க.”

அவள் ஓடினாள். அப்படி ஓடி எத்தனை வருஷம் ஆயிற்று!

அவன் டெம்போவின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். தட்டினாள். இறக்கினான். விலை என்ன என்று கேட்கவில்லை.

“ஆரு ஒடிச்சது?”

“நாச்சிமுத்தண்ணன்தானுங்க. உங்கள வரச் சொல்றாரு.”

அவன் கதவைத் திறந்து இறங்கினான்.

பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.