ஈரக்காத்து

எழுபத்தொன்பதாம் வருடம் வாழ்க்கைப்பட்டு, பஸ் வராத அந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தவள் இருளாயி. ஐந்தாவது தீபாவளியும் மழையோடு விடிந்தது. ஜெலாப்பாங் டவுனில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் பையோடு வாசலில் நின்றாள்.

கணவன் சன்னாசி மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து ஓய்ந்தான். "டூ ஸ்ட்ரோக் இன்ஜின்லா. ஈரக்காத்து ஆகாது. ஸ்பார்க் பிளக்கை அடுப்புல வாட்டிக் கொண்டா."

வாட்டிக் கொடுத்தாள். மாட்டி உதைத்தான். இன்ஜின் முனகவும் இல்லை.

"அடுத்த வருசம் போலாம்" என்று வழக்கம்போலச் சொல்லி, நனைந்த சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனான்.

பிழியும்போது சட்டைப்பையில் ஏதோ நெருடியது. பிளக்கின் தலையில் மாட்டி மின்சாரம் கொடுக்கும் மூடி; அது இல்லாமல் எந்த இன்ஜினும் ஓடாது.

கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டுச் சன்னாசி ஓடிவந்தான். மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"காத்து காஞ்சிருச்சுங்க" என்றாள் இருளாயி. "ஏறுங்க, போலாம்."