மாப்பிள்ளையின் லிவர்

"இவர் குடிக்கிறாரு டாக்டர். ரத்தமே காட்டிக் கொடுத்துடுச்சு, பாருங்க."

மனைவி ரிப்போர்ட்டை மேசையில் வைத்தாள். ஏறியிருந்த லிவர் என்சைமுக்கு அடியில் அவளே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தினமும் லேட்டா வர்றாரு. கேட்டா ஆபீஸ்ல வேலைங்கிறாரு. நடக்கும்போது காலு தள்ளாடுது. படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்கிறதில்ல. லிவர்தான்னு நீங்க சொல்லிட்டா, நான் இன்னிக்கே எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன். அதுக்குத்தான் அவரையும் வரச் சொன்னேன்."

ஓரத்து நாற்காலியில் அவளுடைய அப்பா, வந்ததிலிருந்து தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பெற்றவர், பாவம், மனசு உடைந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

டாக்டர் புதிய ரிப்போர்ட்டை எடுத்தார்.

"அவசரப்படாதீங்கம்மா. நீங்க கோடு போட்ட என்சைம் லிவர்லயும் இருக்கு, சதையிலயும் இருக்கு. எது அடிபட்டாலும் ரத்தத்துல கசியும். எதுன்னு கண்டுபிடிக்கத்தான், சதையில அதிகமா இருக்கிற இன்னொரு என்சைமையும் பார்க்கச் சொன்னேன். அதுதான் எகிறிக் கிடக்கு. லிவர், இதயம் ரெண்டுக்கும் பார்த்த மத்த டெஸ்ட் எல்லாம் சரியா இருக்கு. இவர் லிவர் சுத்தம்."

மனைவிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"சதைதான் அடிவாங்கியிருக்கு. பாரம் ஏதாவது தூக்குறீங்களா சார்?"

"ஜிம்முக்குப் போறேன் டாக்டர்."

"ஜிம்மா? எந்த ஜிம்? யாரை மயக்கறதுக்கு இந்த வயசுல ஜிம்மு?" மனைவியின் சந்தேகம் வேறு ரூட்டில் கிளம்பியது.

கணவன் திருதிருவென விழித்தான். ஓரத்து நாற்காலியில் தொண்டை செருமும் சத்தம் கேட்டது.

"அந்த ஜிம் நான்தாம்மா."

அவள் திரும்பினாள்.

"என் முட்டி போய் பல மாசமாச்சு. இருக்கிறதோ லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. உனக்குத் தெரிஞ்சா என் வீட்டைக் காலி பண்ண வச்சுடுவே. அதான் சொல்லக் கூடாதுன்னு மாப்பிள்ளைகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். சாயங்காலம் நான் பூங்காவுல சீட்டாடணும்னு, தினமும் என்னை உப்புமூட்டை தூக்கி இறக்கறதும் ஏத்தறதும் அவர்தான்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அவர்கிட்ட கோவிச்சுக்கிட்டு நீ என் வீட்டுக்கு வந்துட்டா, நான் எப்படிம்மா என் வீட்டுக்குப் போறது?"