ஆதாரம் கொடுத்தவர்

அவள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்ததும், மேஜையில் இருந்த நாலு பேரும் எழுந்துகொண்டார்கள்.

"ரேடியோ வந்தாச்சு. இனி இங்க பேசினா ஊரெல்லாம் கேக்கும்," என்றார் உதவி மேனேஜர், கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி.

எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். எட்டு மாதமாக இப்படித்தான்.

அவள் வேலை பார்க்கும் வங்கியையும் சேர்த்து நாலு வங்கிகளின் அதிகாரிகள் மின்னஞ்சலில் ரகசியமாகப் பேசிவைத்து, வீட்டுக் கடன் வட்டியை ஒரே நாளில் ஒரே அளவு ஏற்றியிருந்தார்கள். அந்தப் பேச்சு முழுவதையும் யாரோ அச்செடுத்து, ஒரு கவரில் வைத்து, இப்படிக் கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றுவதை விசாரிக்கும் போட்டி ஆணையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சோதனை வந்தது. பெரிய மேனேஜரின் வேலை போனது. எல்லோருக்கும் போனஸ் நின்றது.

கொடுத்தது யார் என்று ஆணையம் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் அவள் ஆணையத்தின் படியிறங்கி வந்ததை வங்கி டிரைவர் பார்த்திருந்தார். அது போதாதா?

அதன்பின் பிறந்தநாள் கேக் அவள் மேஜைக்கு வந்ததில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் அவள் நாற்காலியைத் தாண்டிப் போனார்கள். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் வாய் திறந்து பேசுவது, லிஃப்டில் "நாலாவது மாடி" என்பது மட்டும்தான்.

அன்று மாலை ஆணையத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனாள்.

விசாரணை அதிகாரி கிட்டத்தட்ட அவள் வயதுப் பெண். டீயை நகர்த்தி வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"பக்கத்து நாட்டு ஆணையமும் இதே வங்கிகளை விசாரிக்கிறாங்க மேடம். நம்மகிட்ட இருக்கிற ஆதாரத்தைக் கேக்கிறாங்க. அது இல்லேன்னா அவங்க கேஸ் நிக்காது."

"கொடுக்க வேண்டியதுதானே?"

"எங்க இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. ஆதாரம் கொடுத்தவர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா ஒரு பக்கம்கூட இந்தக் கதவைத் தாண்டாது. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."

"பேர் வெளியே வருமா?"

"வராது. அங்கேயும் வராது, இங்கேயும் வராது." அதிகாரி கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அங்க கேஸ் சூடு பிடிச்சா, பேப்பர்ல மறுபடி வரும். உங்க ஆபீஸ்ல இப்பதான் கொஞ்சம் அடங்கியிருக்கும். திரும்பக் கஷ்டம் உங்களுக்குத்தான்."

"அங்கேயும் வீடு கட்டக் கடன் வாங்கினவங்க இருப்பாங்க இல்லையா?"

"லட்சக்கணக்குல."

அவள் படிவத்தை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "நாளைக்குக் கையெழுத்தோட வந்துடும்."

வாசல் வரை வந்த அதிகாரி கேட்டாள்: "இதையெல்லாம் வீட்ல யார்கிட்டயாவது மனசு விட்டுச் சொல்லுவீங்களா மேடம்?"

"வீட்ல நானும் பூட்டும்தான். பூட்டுகிட்ட எதைச் சொன்னாலும் வெளியே போகாது."

அவள் சிரித்தாள். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிவியைப் போட்டாள். பார்ப்பதற்காக அல்ல. யாராவது பேசிக்கொண்டிருக்கட்டுமே என்றுதான்.

மறுநாள் காலை உதவி மேனேஜர் அறையிலிருந்து சத்தம் வந்தது.

"ரேடியோவை உள்ளே வரச் சொல்லுங்க! அந்தப் பழைய ஃபைலோட!"

வரிசையாக எல்லாத் தலைகளும் ஆசையோடு திரும்பின. "இன்னிக்கு இருக்கு கச்சேரி," என்றது ஒரு குரல்.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"ஒரு வேலையாவது உருப்படியாத் தெரியுமா உங்களுக்கு? சம்பளம் எதுக்கு வாங்கறீங்க?"

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் ஃபைலைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினாள். உள்ளே ஆணையத்தின் படிவம். அவள் விரல் காட்டிய இடத்தில், 'ஆதாரம் கொடுத்தவர்' என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே, திட்டிக்கொண்டே உதவி மேனேஜர் தன் கையெழுத்தைப் போட்டார்.

பேனாவை மூடியதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னிக்கு எல்லாத்தையும் அச்செடுத்துட்டு நான் பயந்து நின்னேன்னு கவரை நீங்க கொண்டுபோனீங்க. அதுக்கு இவ்வளவு அனுபவிக்கிறீங்க. போதும்க்கா. நானே வெளியே போய்ச் சொல்லிடறேன்."

"ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு, வேலை போனா என்ன பண்ணுவீங்க?" அவள் ஃபைலை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். "திட்டறதை நிறுத்தாதீங்க தம்பி. இன்னும் கொஞ்சம் சத்தமா. வெளியே கேக்கணும்."