வலேனியில் போலீஸ்

"மச்சான், வேகத்தைக் குறை. லைட் அடிக்கிறாங்க."

ரொட்டி இறக்க என்கூட வர்ற, இலாரியேங்கிற என் மச்சான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, என் கால் பிரேக்குக்குப் போயிடுச்சு.

புக்கரெஸ்ட் ரோட்டுல வண்டி ஓட்டுறவங்களுக்குள்ள ஒரு தர்மம் உண்டு. போலீஸ் நின்னா, அந்தப் பக்கம் போறவனுக்கு ரெண்டு தரம் விளக்கடிச்சு சொல்லிடணும். வேகமாப் போய் இன்னொரு தடவை மாட்டினா எனக்கு லைசென்ஸ் போயிடும். இந்த ரொட்டி வேனை நம்பித்தான் என் வீட்டுல அடுப்பு எரியுது.

வலேனி ஊரை ஊர்ந்து கடந்தோம். போலீஸைக் காணோம்.

"நேத்தும் லைட் அடிச்சது இதே நீலக் கார்தான். அதுக்கு முந்தின நாளும் இதுதான்," என்றான் இலாரியே. "ஓரமா நின்னுக்கிட்டே அடிக்குது. என்ன கூத்து இது?"

எனக்கும் தலையும் புரியலை, வாலும் புரியலை. போலீஸ் எங்கயாவது ஒளிஞ்சு நிக்குதா? இல்லை, அந்தக் காரை ஓட்டுறவனுக்குத்தான் புத்தி பேதலிச்சுடுச்சா?

"ரேடியோவுல போட்டு உடைச்சுடு மச்சான். நீலக் கார் பொய் சொல்லுது, யாரும் நம்பாதீங்கன்னு சொல்லு. லாரிக்காரங்க அத்தனை பேரும் கேட்பாங்க."

மைக்கை எடுத்தேன். வண்டிக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிற ரேடியோ அது. பேசுறதுக்கு முன்னால அந்தக் கார்ல இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு தோணுச்சு. வேனைத் திருப்பினேன்.

காருக்குள்ள ஒரு பொம்பளை சூரியகாந்தி விதை கொறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

"ஏம்மா, போலீஸ் எங்க?"

"இல்லைண்ணே."

"அப்புறம் எதுக்கு லைட் அடிக்கிற? எங்களைப் பார்த்தா கிறுக்கனுங்களாத் தெரியுதா?"

அவ வாயைத் திறக்குறதுக்குள்ள மணி அடிச்சது. பை தூக்கின பிள்ளைங்க திமுதிமுன்னு ரோட்டுக்கு வந்தாங்க. பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், வீடுங்க எல்லாம் அந்தப் பக்கம்.

"பிள்ளைங்க கடக்குற இடம்னு பலகை நட்டிருக்கு. அதைப் பார்த்து என்னைக்காவது வேகம் குறைச்சிருக்கீங்களாண்ணே?"

அங்கே பலகை இருக்கிறதே எனக்குத் தெரியாது. போலீஸைத் தேடின கண்ணுல வேற எதுவும் பட்டதில்லை. வெட்கமாப் போச்சு.

வேனுக்குத் திரும்பினேன். ரேடியோ கரகரத்தது.

"வலேனிப் பக்கம் யாருப்பா இருக்கீங்க? அங்க போலீஸ் இருக்கா, இல்லையா? நான் அவசரமாப் போகணும்."

இலாரியே என்னையே பார்த்தான். மைக்கை எடுத்தேன்.

"இருக்காங்கப்பா. ரெண்டு வண்டி. மெதுவாவே வா."