எலுமிச்சம்பழம் ஏறாத கார்

“அப்பா, நம்ம ஸ்கூட்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பெரியப்பா டிராக்டருக்கும் நசுக்கினாங்க. ஒன் காருக்கு மட்டும் ஏம்பா நசுக்கல? அது சாமிக்குத் தெரியாத காரா?”

சுபஸ்ரீ கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் கேள்வி சிவசங்கரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் அவன். புது ஸ்குரூடிரைவரைக்கூடச் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொட மாட்டான். எட்டு மாதமாக ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டி, பாறை ஏறும் ரிமோட் கார் ஒன்றைக் கட்டி முடித்திருந்தான். முழங்கை நீளம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலையடிவாரத்தில் போட்டி. சேலம், ஆத்தூரிலிருந்தெல்லாம் கார்கள் வருகின்றன.

“பழம் நசுக்காம வண்டிய மலைக்கு எடுத்துக்கினு போவ மாட்டேன்” என்று சொல்லிவிட்டான்.

புதன்கிழமை காலை பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை. பூமாலை போட்டதும் கார் அதற்குள் காணாமல் போய்விட்டது. பூசாரி பொன்னுரங்கம் மாலையை எடுத்துவிட்டு ஒரு முழம் மல்லியைச் சுற்றினார்.

“நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வெக்கணும். சின்ன வண்டி, போவட்டும், ஒண்ணு போதும்.”

முன்சக்கரத்துக்கு முன்னால் பழத்தை வைத்தார். சிவசங்கர் ரிமோட்டை அழுத்தினான். கார் முட்டியது. பழம் உருண்டது. கார் துரத்தியது. பழம் சாக்கடையில் விழுந்தது.

“யோவ், கார் ஓட்டுறியா, கால்பந்து ஆடுறியா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் தனசேகரன். கோயில் எதிரே ஷேர் ஆட்டோ போடுகிறவன். அவனுக்கும் ரிமோட் கார் பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அவனும் போகிறான்.

வியாழக்கிழமை சிவசங்கர் சக்கரங்களுக்குள் ஈயக்கட்டிகளை வைத்து எடை ஏற்றிக்கொண்டு வந்தான். பழம் உருளாதபடி இரண்டு பக்கமும் கல் வைத்தார்கள். கார் பாதிப் பழம் ஏறியது. பிறகு மல்லாந்து விழுந்து, கவிழ்ந்த கரப்பான்பூச்சிபோல நாலு சக்கரத்தையும் சுழற்றியது.

வெள்ளிக்கிழமை மோட்டாரை மாற்றினான். டயரை மாற்றினான். ஸ்பிரிங்கை இறுக்கினான். இந்த முறை பழம் டயருக்கடியிலிருந்து தோட்டாபோலப் பறந்து பூசாரியின் முழங்காலைத் தாக்கியது.

“தம்பி, மலை ஏற வேண்டியது ஒன் காரு. முட்டி போனது எனக்கா?”

“எலுமிச்சம்பழமே ஏறாத வண்டி மலை ஏறப் போவுதாம்!” என்றான் தனசேகரன். “சாமி, அடுத்த தபா சுண்டைக்காய் வெச்சிப் பாருங்க.”

பூசாரி முட்டியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். “சுண்டைக்காய் வாணாம். ஒரு நெல்லிக்காய் வெப்பமா? பிள்ளையாரு கோச்சுக்க மாட்டாரு.”

“வேணாம் சாமி. சாமிகிட்ட சைஸ் பாத்துப் பேரம் பேசக் கூடாது.” சிவசங்கர் காரைத் துண்டில் சுற்றினான். “நாளைக்கு ஒரு தபா பாக்கறேன். நசுங்கலன்னா நான் போட்டிக்குப் போவல.”

எட்டு மாத உழைப்பு ஒரு பழத்தின் மேல் நின்றது.

அவன் போனதும் பூசாரி தனசேகரனைப் பார்த்து, “அவன் வரலன்னா கப்பு ஒனக்குத்தான். அதான் பல்லெல்லாம் தெரியுது” என்றார்.

“பின்ன, அழவா சொல்றீங்க? நாளைக்குப் பழம் நான் எடுத்துக்கினு வரேன், பாருங்க. கல்லு மாதிரி பழம். அத அவன் காரு நசுக்கிட்டா இந்த மீசைய எடுத்துடறேன்!”

அது சாதாரண மீசையல்ல. அந்த மீசைக்காகவே அவன் ஆட்டோவில் ஏறுகிற பள்ளிப் பிள்ளைகள் உண்டு.

செய்தி பரவி, சனிக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பூக்கடை அம்சவள்ளி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். தனசேகரன் மஞ்சள் குழைத்துப் பூசிய பெரிய பழம் ஒன்றை வெற்றிலையில் ஏந்தி வந்தான்.

“யாரும் கை வெக்காதீங்க! நானே வெக்கிறேன். பழத்துல ஏமாத்திட்டாங்கன்னு அப்புறம் ஒரு பேச்சு வரக் கூடாது.”

வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “இன்னா பாக்கற? ஏத்துய்யா!”

சிவசங்கர் கண்ணை மூடிக்கொண்டு ரிமோட்டை அழுத்தினான்.

‘புளிச்’சென்று ஒரு சத்தம். சாறு பூசாரியின் வேட்டி வரை தெறித்தது. சிவசங்கர் கண்ணைத் திறந்தபோது, கார் பழத்தைத் தாண்டிக் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

சுபஸ்ரீ குதித்தாள். சிவசங்கர் ரிமோட்டோடு அப்படியே பிள்ளையார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“யோவ் ஆட்டோ, மீசை!” என்று கத்தினாள் அம்சவள்ளி. கூட்டம் முழுவதும் சேர்ந்து கத்தியது.

“மார்க்கெட்காரன் என்னை நல்லா ஏமாத்திட்டான்!” என்று முணுமுணுத்துக்கொண்டே தனசேகரன் ஆட்டோவைக் கிளப்பினான்.

வீட்டில் யாருமில்லை. மீசையை மழித்து முடித்தவன், மனைவி வயலிலிருந்து திரும்புவதற்குள், காலையில் அந்தப் பழத்தை ஒரு விசில் வரும்வரை வேகவைத்த குக்கரை இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தான். போன வருடப் போட்டியில் பேட்டரி செத்துப்போய் அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து யாரோ சத்தமில்லாமல் அவன் பையில் வைத்துவிட்டுப் போன பேட்டரியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. கள்ளக்குறிச்சியில் பேட்டரிக்குப் பொட்டு வைக்கிற ஆள் ஒருவன்தான்.