இலைத் திருடன்

மண்வெட்டிக் காம்பு முதுகில் இறங்கியதும் அவன் திராட்சைக் கொடியோடு சேர்ந்து தரையில் விழுந்தான். மீசைக்காரன் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, ஒரு கைப்பிடி இலையை வாய்க்குள் திணித்தான். கழுத்திலிருந்த துண்டை உருவி வாயை இறுக்கிக் கட்டினான்.

"இலைதானே வேணும்? தின்னுடா, நல்லா தின்னு!"

துருக்கியில் தோகாத் ஊர்ப் பக்கம் விளையும் நரின்ஜே திராட்சைக்கு ஆலங்கட்டி மழையை விடப் பெரிய எதிரி இலைத் திருடன்தான். வெள்ளை ஒயினுக்குப் பேர்போன கொடி அது. ஆனால் அரிசியை உள்ளே வைத்துச் சுருட்டி வேகவைக்கிற அதன் இளசு இலைக்கு, பழத்தை விட விலை அதிகம். கொடியை மொட்டையடித்துவிட்டால் பழம் இனிக்காது, ஒயின் ஆலைக்காரர்கள் அந்தத் தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

கூச்சல் கேட்டு ரோட்டில் ஒரு டிராக்டர் நின்றது. கூலிக்கு இலை பறிக்க வெளியூரிலிருந்து வந்த கூட்டம். அவர்களுக்குத் தலைவியான நஸ்மியே முதலில் குதித்து ஓடி வந்தாள்.

"என்னண்ணே ஆச்சு?"

"மூணு மூட்டை இலை பறிச்சுட்டாம்மா, படுபாவி! இனிமே பழம் எங்க இனிக்கும்? வருஷம் பூரா பாடுபட்டதெல்லாம் மண்ணாப் போச்சே!"

நஸ்மியேவுக்கு ரத்தம் கொதித்தது. சீசன் வந்தால் இலைத் திருட்டுப் பழி முதலில் விழுவது கூலிக்காரர்கள் தலையில்தான்.

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான்டா ஊர்க்காரங்க எங்களைப் பார்த்தாலே கதவைச் சாத்துறாங்க!" என்று விலாவில் ஓங்கி உதைத்தாள்.

அப்புறம் என்ன, ஆளாளுக்கு இறங்கினார்கள். அவள் தம்பி ஷாகிர் இரும்புக் கம்பியால் அடித்ததில் கீழே கிடந்தவனின் முன்கை முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் நிறுத்தவில்லை. அவன் கண்கள் பிதுங்க, தலையைத் தலையை ஆட்டி உறுமினான்.

"பாரு திமிரை! இன்னும் முறைக்கிறான்" என்று ஒருவன் முகத்தில் குத்தினான். கடைசியில் பந்தல் தூணோடு சேர்த்துக் கட்டிப்போட்டார்கள்.

மீசைக்காரனுக்கு மூச்சு இரைத்தது. நஸ்மியே ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினாள். டம்ளரை வாங்கிய விரல்களும் அவள் விரல்களைப் போலவே இலைக்கறையில் கறுத்திருந்தன.

"ஒரே மூச்சுல குடிக்காதீங்கண்ணே, சுடும்."

"குடிக்க எங்கம்மா நேரம்? ஸ்டேஷனுக்குப் போகணும். மூட்டைங்கதான் சாட்சி, அந்தா நிக்கிற நம்ம வேன்ல கொஞ்சம் ஏத்திவிடுங்க. நான் வர்ற வரைக்கும் இவனை விட்டுறாதீங்க."

"உசிரே போனாலும் விடமாட்டோம்."

மூன்று மூட்டைகளையும் இலை கசங்காமல் ஏற்றி, கதவைச் சாத்தி, கையாட்டி அனுப்பி வைத்தார்கள்.

வேன் மறைந்து கால் மணி நேரம் கூட ஆகவில்லை. எதிர்ப் பக்கத்திலிருந்து ரோந்து வந்த போலீஸ் ஜீப் கூட்டத்தைப் பார்த்து நின்றது. நஸ்மியே பெருமையோடு முன்னால் போனாள்.

"வாங்க சார்! திருடனை ஓட விடல. கூலிக்காரங்க யோக்கியமானவங்கன்னு இனிமேயாவது ஊருக்குச் சொல்லுங்க."

போலீஸ்காரர் தூணருகே குனிந்து வாய்க்கட்டை அவிழ்த்தார். ரத்தத்தில் ஊறிய இலைகளோடு இரண்டு பற்களும் விழுந்தன. அவர் முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ, ஹுசாமெத்தின் அண்ணே! உங்க தோட்டத்துலயே உங்களை யாரு கட்டிப்போட்டது?"