காந்தக் காது

எஸ்தரின் பழைய மாடல் பேஸ் கிட்டாரில் பிக்கப் செத்துப்போனது. கம்பிகளின் அதிர்வைக் கேட்டு ஸ்பீக்கருக்குச் சொல்லும் காந்தக் காது அது. கடைக்காரர் வரிசையாக எடுத்துவைத்த புதிய பிக்கப்புகளில், காந்தம் ரொம்ப வலுவானது எதுவோ அதையே எஸ்தர் வாங்கி வந்து மாட்டினாள்.

தன்னைத் தேர்ந்தெடுத்ததில் பிக்கப்புக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று கம்பிகளை ஒட்டினாற்போல் நிமிர்ந்து நின்றது.

எஸ்தர் மீட்டியதும் தடித்த கம்பி பேச வாயெடுத்தது. குரல் நடுங்கி, சுருதி விலகியது.

"உனக்குச் சுருதியே சேரவில்லை," என்றது பிக்கப்.

"நேற்றுவரை சேர்ந்ததே. காது கொடுக்கச் சொன்னால் நீ கையைப் பிடித்து இழுக்கிறாய்."

"நெருங்கி இருந்தால்தானே நன்றாகக் கேட்கும்?"

"உனக்குக் கேட்கும். எனக்குப் பேச வராது."

எஸ்தரும் முகம் சுளித்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கழற்றிக் கடைக்கே அனுப்பிவிடப் போகிறாள் என்று பிக்கப் பதறியது. ஆனால் திருகுகள் கழலவில்லை, இறுகின. ஒவ்வொரு சுற்றுக்கும் அது கம்பிகளைவிட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியது.

எஸ்தர் மறுபடி மீட்டினாள். தடித்த கம்பி இஷ்டம்போல் ஆடி, சொல்ல வந்ததை நிதானமாகச் சொல்லி முடித்தது. அத்தனை தள்ளியிருந்தும் பிக்கப்புக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

கம்பி சற்றுத் தயங்கியது.

"இன்னொன்று இருக்கிறது," என்றது. "சொல்லட்டுமா?"